ஃபார்மட் பிறகு, நகல் முதலில்

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி. ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் 310 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. இயக்கிவிட்டு வேலையைத் தொடங்க ஐந்து நிமிடமாவது ஆகும், அதற்குப் பழகிவிட்டேன். ஒரு மாதமாகப் புதுத் தொல்லை. 2019ஆம் ஆண்டுப் புகைப்பட ஃபோல்டரைத் திறந்தால் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத்தான் மீள்கிறது. எப்போதாவது ‘டிக்’ என்று ஒரு சத்தமும் கேட்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன்; மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது. சி5 என்ற வரியில் நிறையப் பூஜ்யங்களுக்குப் பின் 58 என்று இருக்கிறது. 05 என்ற வரியில் எல்லாம் பூஜ்யம். ஓடிய நேரம் 21,400 மணி. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. புதுக் கணினி வாங்கச் சொல்கிறாள் மகள். பழுது பார்ப்பவர் எஸ்எஸ்டி போடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாற்றினால், பழைய டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மூவரில் யார் சொல்வது சரி என்பதற்குள் நுழையும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறதா? இவ்வளவு விவரமான கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால், இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் எதை வாங்குவது என்ற கேள்வியைச் சில நாள் தள்ளிவையுங்கள். இன்றைக்கே வாங்க வேண்டியது ஒரே பொருள்தான்: யுஎஸ்பியில் இணைக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க், 1 டிபி போதும். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க், அடுத்த வாரம் வந்தால் குடி முழுகிவிடாது. நகல் அடுத்த வாரம் என்றால் முழுகிவிடலாம்.

நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனித் தொல்லைகள். ஒன்று எட்டு ஆண்டுகளாக இருப்பது, இன்னொன்று ஒரு மாதத்துக்கு முன் வந்தது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுவதுதான்.

முதலாவது, மந்தம். மடிக்கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேடும் தகவல், தட்டிலிருந்து படிக்கும் தலைமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலைமுனை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிவினாடி அளவில் போகும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு துண்டுகளை வினாடிக்கு ஐம்பது அறுபது தடவைக்கு மேல் இந்த டிஸ்க்கால் எடுத்துத் தர இயலாது. பெரிய ஒற்றைக் கோப்பு என்றால் வினாடிக்கு 100 எம்பிகூடத் தரும். பத்துச் சாமானை ஒரே கடையில் வாங்குவதற்கும் பத்துத் தெரு அலைந்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. விண்டோஸ் எழுந்திருப்பது முழுக்கத் தெருத்தெருவாக அலையும் வேலை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கிறது. போதாக்குறைக்கு உங்கள் கணினியில் ராம் 4 ஜிபிதான். ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் டிஸ்க்குக்கு அது இன்னொரு சுமை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதில் பழுது என்று எதுவும் இல்லை. வாங்கிய நாளிலும் டிஸ்க் இதே வேகம்தான். அதன்மேல் ஓடும் மென்பொருள்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு பருத்துவிட்டன.

இரண்டாவது, பழுது. புகைப்பட ஃபோல்டரில் நடப்பது மந்தமே இல்லை. ஃபோல்டரைத் திறந்ததும் சிறுபடங்களைக் காட்டுவதற்காக விண்டோஸ் ஒவ்வொரு படத்தையும் படிக்கத் தொடங்குகிறது. அவற்றில் ஏதோ ஒரு படத்தின் ஒரு பகுதி டிஸ்க்கின் கெட்ட இடத்தில் கிடக்கிறது. படிக்க முடியாத இடத்தை டிஸ்க் அவ்வளவு எளிதில் கைவிடாது; தலைமுனையை நகர்த்தி நகர்த்தித் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் அது பதில் சொல்வதில்லை. அதைத்தான் நீங்கள் உறைந்துபோவது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கெட்ட இடங்களின் எண்ணிக்கைதான் சி5 வரி: படிக்க முடியாமல் போய், இனி என்ன செய்வது என்று முடிவாகாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது தட்டின் சிறு சேமிப்புக் கூறுகள். நீங்கள் பார்த்த 58ஐ ஐம்பத்தெட்டு என்று படித்திருப்பீர்கள். அந்த மென்பொருள் மூல மதிப்புகளை, நாமாக மாற்றாதவரை, பதினாறடிமான எண்களாகவே காட்டும். 58 என்றால் ஐந்து பதினாறும் எட்டும், அதாவது 88. இக்கால டிஸ்க்குகளில் தட்டின் மேல் உண்மையான செக்டர் 4096 பைட் அளவு; கணினியிடம் மட்டும் பழைய வழக்கப்படி 512 பைட்டாகக் கணக்குக் காட்டுகின்றன. அதனால் ஓர் இடம் கெட்டால் சி5 பெரும்பாலும் எட்டெட்டாக ஏறும். 88ஐ எட்டால் வகுத்தால் பதினொன்று. ஒரு டெராபைட்டில் பதினோரு இடம், மொத்தம் 44 கேபி. இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த 44 கேபி பெரிதில்லை. இது தொடக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் கவலை.

இந்தக் கவலைக்குக் கணக்கு இருக்கிறது. கூகுள் தன் தரவு மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிலுவை செக்டர் முதன்முதலாகத் தோன்றிய டிஸ்க், அது தோன்றாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 16 மடங்கு என்று கண்டார்கள். உங்கள் தொல்லை தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. இதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கை எண்கள் எதையும் காட்டாமலேயே செத்தவை. அந்த வகையில் உங்கள் டிஸ்க் நல்லது, முன்கூட்டியே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக் கணினியில் நீல நிறத்தில் ‘நலம்’ என்று காட்டுகிறதே என்று அவர்கள் நகல் எடுக்காமல் இருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

21,400 மணி நேரம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எட்டு ஆண்டில் நாளுக்கு ஏழு மணி நேரம் சொச்சம். உழைத்த டிஸ்க், அவ்வளவே. இதைவிட இரு மடங்கு ஓடியும் ஒரு செக்டர்கூடக் கெடாத டிஸ்க்குகள் உண்டு. ‘டிக்’ சத்தமும் எப்போதாவது ஒரு தடவை, மெதுவாக, டிஸ்க் சும்மா இருக்கும்போது கேட்டால் தலைமுனை தன் இருப்பிடத்துக்குத் திரும்பும் ஒலியாக இருக்கலாம். மடிக்கணினி டிஸ்க்குகளில் அது இயல்பு. ஒரே தாளத்தில் அடுத்தடுத்து டிக், டிக், டிக் என்று கேட்டால் கதை வேறு. அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையில்தான் பலருடைய தரவு போயிருக்கிறது. தலைமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. புகைத்துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது. அந்த நிலையில் டிஸ்க்கைத் தட்டுவது, திறந்து பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எதுவும் உதவாது. தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும்; அது செலவு பிடிக்கும் வேலை, பலன் உறுதியும் இல்லை.

இனி உங்கள் தம்பி சொன்ன வைத்தியத்துக்கு வருகிறேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஃபார்மட் செய்தால் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. விண்டோஸில் விரைவு ஃபார்மட் என்பது கோப்புப் பட்டியலைப் புதிதாக எழுதுவதோடு சரி. கெட்ட இடத்தின் பக்கமே போகாது. முழு ஃபார்மட் செய்தால் டிஸ்க்கின் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதப்படும். நிலுவையில் நிற்கும் செக்டருக்கு அதுதான் தீர்ப்பு நாள். அதில் இருந்த பழைய தகவலை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்பதால், டிஸ்க் அங்கே எழுதிப் பார்க்கும். எழுதியது ஒழுங்காகப் பதிந்தால் அந்தச் செக்டரை நிலுவையிலிருந்து விடுவித்துவிடும். பதியாவிட்டால் கையிருப்பில் உள்ள மாற்றுச் செக்டரை அதன் இடத்தில் வைத்து, 05 வரியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். எப்படியானாலும் சி5 பூஜ்யத்துக்கு வந்துவிடும். பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்பார் தம்பி. உங்கள் 2019 படங்கள் போயிருக்கும். தட்டையோ தலைமுனையையோ கெடுத்த காரணம் அங்கேயே இருக்கும். உங்களுக்கு 05 இன்னும் பூஜ்யமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: அந்த இடங்களில் இதுவரை யாரும் மறுபடி எழுதவில்லை. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை முழுச் சோதனையோடு ஓட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள். நகல் எடுத்து முடியும்வரை அதுவும் கூடாது. டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்து, படிக்க முடியாத இடங்களில் மல்லுக்கட்டி, கோப்புகளின் கட்டமைப்பைத் தன் போக்கில் திருத்தி எழுதும். மிச்சமிருக்கும் ஆயுளை அதற்காகச் செலவிட வேண்டாம். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் செய்வதும் அப்படித்தான். வைரஸ் முழுச் சோதனையையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

நகல் எடுப்பதில் வரிசைதான் முக்கியம். மொத்த டிரைவையும் பிடித்து இழுத்து வெளி டிஸ்க்கில் போடுவதுதான் எல்லோரும் செய்வது. பாதி வழியில் கெட்ட இடம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். எது வந்தது, எது வரவில்லை என்றே தெரியாது. முதலில் கையில் இருக்கும் வேலை: இந்த மாதம் திருத்தித் தர வேண்டிய நூல்கள். அடுத்து, பழைய ஆவணங்கள். அளவில் சிறியவை, சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு புகைப்படங்கள், ஆண்டு ஆண்டாக, 2019ஐ மட்டும் விட்டுவிட்டு. ஃபோல்டர்களைச் சிறுபடங்களாகப் பார்க்காமல் பட்டியல் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் படங்களைப் படிப்பது நிற்கும். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு கடைசியாக 2019ஐத் தொடுங்கள். ஒரு படம் வர மறுத்தால் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி இதற்கு நல்ல கருவி. ஆனால் அதன் இயல்பான அமைப்பு விநோதமானது: ஒரு கோப்பு படிக்க வராவிட்டால் 30 வினாடி இடைவெளி விட்டுப் பத்து லட்சம் தடவை முயலும். மறுமுயற்சியையும் காத்திருப்பையும் ஒன்று ஒன்று என்று குறைத்துக் கொடுத்தால்தான் நம் வேலைக்கு ஆகும். கட்டளை தட்டச்சிடப் பழக்கமில்லை என்றால் மகளிடம் கொடுங்கள்.

பலரும் மறந்துவிட்டுப் பிறகு தேடுபவை சில உண்டு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சலைக் கணினியிலேயே இறக்கி வைத்திருந்தால் அதன் கோப்பு, டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவை. உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் சேர்க்கிறேன்: எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அந்த எழுத்துரு புதிய டிஸ்க்கில் இல்லாவிட்டால் நூல் முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எழுத்துரு ஃபோல்டரை மறக்காமல் நகலெடுங்கள்.

உங்கள் கணினியில் பிட்லாக்கர் குறியாக்கம் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும்; பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிய பிறகு தேடுவதைவிட இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சீராக ஓடினால் 310 ஜிபி இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். சிறு கோப்புகள் அதிகமென்றால் கூடுதலாகும். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, இங்கொன்று அங்கொன்றாகச் சிலவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நகலெடுக்கும்போது உறைவது அடிக்கடி நேர்ந்தால், அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸை ஓட்டிக்கொண்டு முயல வேண்டாம். விண்டோஸ் தன் பங்குக்கு எந்நேரமும் எதையாவது படித்து எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா–யுஎஸ்பி இணைப்புக் கேபிள் வழியாக இன்னொரு கணினியில் மாட்டினால் அது ஓய்வாக இருக்கும். அங்கே ‘இந்த டிஸ்க்கைச் சரிபார்க்கவா’ என்றோ ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்றோ ஒரு பெட்டி வந்து கேட்கலாம். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வராத படங்கள் உங்களுக்கு மிகவும் வேண்டியவை என்றால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் தெரிந்தவரிடம் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டச் சொல்லலாம். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். நொந்த டிஸ்க்கைக் கையாள வேண்டிய முறை அதுதான்.

இப்போது எதை வாங்குவது என்பதற்கு வரலாம். பழுது பார்ப்பவர் சொன்னது சரி. விண்டோஸ் ஓடும் டிஸ்க்காக இன்னொரு சுழலும் டிஸ்க்கை மாட்டுவது, பழுதை நீக்கி மந்தத்தைப் புதுப்பித்துக்கொள்வது. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை; ஒரு சிறு துண்டை எடுக்க மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும், அதற்கும் குறைவாகவே ஆகும். உங்கள் ஐந்து நிமிடம் அரை நிமிடத்துக்குள் அடங்கும்.

உங்கள் கணினிக்குப் பொருந்துவது பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அதன் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். பல எஸ்எஸ்டிகளோடு அதுவும் வரும். அந்தக் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 பொருத்துமிடமும் உண்டு. அதன் இணைப்பு முறை பழைய சாட்டா வகையா, வேகமான என்விஎம்இ வகையா என்று கையேட்டில் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். மாட்டுவதற்கு ஒரே மாதிரி இருந்தும் ஓடாமல் போகலாம். விளம்பரத்தில் 550 எம்பி, 3500 எம்பி என்று எழுதியிருக்கும். முன்னது சாட்டாவின் உச்சம், பின்னது என்விஎம்இயின் ஒரு தலைமுறை. பிழை திருத்தும் வேலையில் அந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்குத் தாவினாலும் அந்தத் தாவல்தான் பெரிது.

கொள்ளளவு 500 ஜிபி போதும். விண்டோஸ் அதை 465 என்று காட்டும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தயாரிப்பவர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. உங்கள் 1 டிபியும் 931 என்றுதான் காட்டியிருக்கும். பழைய படங்கள் வெளி டிஸ்க்கிலும் இருக்கப்போவதால், ஒன்றைப் பெரிதாக வாங்குவதைவிட அளவான இரண்டு இருப்பதே எனக்குப் பிடிக்கும். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தேயும்தான். ஆனால் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 150 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் இருந்தால், நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் இருபது ஆண்டு வரும். நீங்கள் அதில் பாதிகூட எழுத மாட்டீர்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின், நம்ப முடியாத விலையில் நம்ப முடியாத கொள்ளளவு சொல்லும் எஸ்எஸ்டிகளை மட்டும் தொடாதீர்கள். உள்ளே இருப்பது ஒன்று, காட்டுவது வேறு.

மூடியைக் கழற்றும் அதே நேரத்தில் ராமையும் 8 ஜிபியாக்கிவிடுங்கள், காலி இடம் இருந்தால். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டிக்குத்தான் என் ஓட்டு.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து, அதாவது விண்டோஸோடு சேர்த்து அச்சு அசலாக நகலெடுத்து, தருவதாகப் பழுது பார்ப்பவர் சொல்லலாம். நல்ல டிஸ்க் என்றால் நானும் அதையே சொல்வேன். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கில் குளோன் மென்பொருள்கள் பாதியில் நின்றுவிடும். நிற்காமல் முடிந்தாலும் விண்டோஸின் எந்தக் கோப்பு ஓட்டையோடு வந்தது என்று தெரியாது. எட்டு ஆண்டுக் குப்பையும் கூடவே வரும். விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால் டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

மகள் சொல்வதில் உள்ள நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துவிட்டது. தனியாகப் பதிவுசெய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது, ஓரிரு விதிவிலக்கு நீங்கலாக, இன்டெலின் எட்டாம் தலைமுறை முதல்தான். உங்களுடையது ஏழு. ஒரே ஒரு படி குறைவு, எரிச்சலாகத்தான் இருக்கும். ஆகவே இந்தக் கணினியில் விண்டோஸை இணையத்தோடு நெடுங்காலம் ஓட்டுவதற்கில்லை. திரை மங்கி, பேட்டரி தளர்ந்து, விசைகள் தேய்ந்திருந்தால் மகள் சொல்வதையே கேளுங்கள். எஸ்எஸ்டி செலவை அதில் சேர்த்துவிடலாம். மற்றதெல்லாம் திடமாக இருந்தால் எஸ்எஸ்டி போட்டு, புதுக் கணினிக்கான முடிவை அவசரமில்லாமல் எடுங்கள். அப்போதும் இந்த எஸ்எஸ்டி வீணாகாது. ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டால் வெளி டிஸ்க்காகிவிடும். உங்கள் வேலை வேர்ட் கோப்புகளோடு முடிகிறது, பதிப்பகத்தார் குறிப்பிட்ட மென்பொருள் எதையும் கேட்பதில்லை என்றால் லினக்ஸ் மின்ட்டையும் ஒரு வாரம் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பழக முடியாதவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை.

எஸ்எஸ்டி வந்துவிட்டது என்று நகலை நிறுத்திவிட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்காவது உறைந்தும் முனகியும் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் முந்தைய நாள்வரை நன்றாக ஓடி, மறுநாள் கணினிக்கு அடையாளமே தெரியாமல் போகும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் ஏறக்குறைய நடக்காத காரியம். காலியான இடங்களை அது தானே துடைத்துவிடுகிறது. வாரம் ஒரு நாள் வெளி டிஸ்க்கை மாட்டி நகலெடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள், மாட்டியே வைத்திருந்தால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். நடப்பு வேலைகளை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒத்திசையும் சேவை மட்டும் போதாது. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

கடைசியாக, பழைய டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. நகலில் விட்டுப்போனது ஏதேனும் நினைவுக்கு வரலாம் என்பதற்காக, மாற்றிய தேதியை எழுதி ஒட்டி, இரண்டு மூன்று மாதம் அலமாரியில் சும்மா இருக்கட்டும். பிறகு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் இருப்பது உங்கள் படங்கள் மட்டுமல்ல, இன்னும் வெளிவராத பிறருடைய நூல்களும். நல்ல ஹார்ட் டிஸ்க்கை ஒரு தடவை முழுவதும் மேலெழுதினாலே போதும். உங்களுடையதில் எழுத்தை ஏற்காத இடங்கள் இருக்கக்கூடும் என்பதால், மேலெழுதிய பின் துளையிடும் கருவியால் தட்டுகளை ஊடுருவி இரண்டு மூன்று துளை போடச் சொல்லுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை, பொடிப்பொடியாகச் சிதறும். துளையிடுபவர் கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், டிஸ்க்கை ஒரு தடித்த துணிப்பையில் சுற்றிக்கொள்வதும் நல்லது. மிச்சத்தை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.